கட்டைவிரலுக்கு ஒரு ரிமோட்

என் அக்காவின் கணவரைத் துறைமுகத்தில் எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பஞ்சு மாதிரி இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஒரு உடம்பு. கிரேன் ஓட்டுகிறவர். லாரி அளவுக்கு இருக்கிற இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிக் கரையில் வைப்பார், தரையில் சின்னச் சத்தம்கூடக் கேட்காது. பஞ்சு மூட்டையை இறக்குகிற மாதிரி இறக்குகிறான் என்று யாரோ சொன்னது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அக்காவுக்கே சில சமயம் யோசித்தால்தான் வரும்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. மெயின் சுவிட்சை அணைக்காமல் மின்சாரம் ஓடுகிற எதையும் யாரும் தொடக் கூடாது. கூட வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன் ஒருவர், ஒரு நிமிஷ வேலைதானே என்று அணைக்காமல் கையை விட்டு, இவர் கண் முன்னாலேயே கருகிப்போனார். அதிலிருந்து வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் மொத்த வீடும் இருட்டாக வேண்டும். பாதி அரைத்த மிக்சியைப் பிடித்துக்கொண்டு அக்கா திட்டித் தீர்ப்பாள். வாஷிங் மெஷின் துணியோடும் தண்ணீரோடும் அப்படியே நிற்கும். அவர் மசிய மாட்டார். அணைத்தாயா, இன்னொரு தடவை பார்த்தாயா, அப்புறம் தொடு. டார்ச்சுக்கு பேட்டரி போடும்போதுகூட நான், "மெயின அணைச்சாச்சா அத்தான்?" என்று கேட்டு அவர் வாயைக் கிண்டுவேன்.

கிரேனில் அவ்வளவு உயரத்தில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்த மனிதர் விழுந்தது குளியலறையில். தரையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். கழுத்தில் அடி. அதற்கப்புறம் கழுத்துக்குக் கீழே அவர் சொல்பேச்சு கேட்டது வலது கட்டைவிரல் ஒன்றுதான். அது கொஞ்சம் நகரும், கொஞ்சம் அழுத்தும். மூச்சு பற்றாததால் குரலும் இறங்கிப்போனது. வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் என்ன சொல்கிறார் என்று தெரியும்.

அந்த ஒற்றை விரலுக்குத்தான் ஒரு ரிமோட் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சொல்லி வாங்கியது. பெரிய பெரிய ரப்பர் பொத்தான்கள். ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்றில் நடுவில் குழி, ஒன்றில் மேடு. கண்ணால் பார்க்கவே வேண்டாம். போர்வைக்கடியில் தொடையோடு கிடக்கும், விரல் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும். சுவரில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. ரிமோட் அதனிடம் சொல்லும், அது மற்ற எல்லாவற்றிடமும் சொல்லும். கட்டில் தலைப்பக்கம் உயரும், தாழும். ஜன்னல் திரை விலகும். விசிறி, விளக்கு, டிவி, கடைசியாக வாசல் கதவின் பூட்டு.

அக்கா ஒரு மருந்துக்கடையில் காலை வேளை மட்டும் வேலை பார்த்தாள். காலைச் சாப்பாட்டை ஊட்டிவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவாள். அந்த ரிமோட் இருந்ததால்தான் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடிந்தது. அவளுக்கு அது சம்பளம். அவருக்கோ அதைவிடப் பெரிது. துடைக்க, புரட்ட, ஊட்ட என்று நாளெல்லாம் அடுத்தவர் கையில் கிடக்கிற மனிதருக்கு அந்தக் காலை நேரம் மட்டும் சொந்தமாக இருந்தது. வெயில் வந்தால் அவரே திரையை மூடுவார். முதுகு வலித்தால் அவரே கட்டிலை ஏற்றுவார். யாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம்.

நான் போய் மணியை அடித்தால் பூட்டு டொக்கென்று விழும். உள்ளே போவதற்குள் திரை விலகும், விசிறி வேகமெடுக்கும், கட்டில் அவரை உட்காரவைத்து என் பக்கம் காட்டும். இதெல்லாம் எனக்கு மரியாதையாம். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போனவன் மாதிரியே இருக்காது, ஏதோ முதலாளி அறைக்குள் கூப்பிட்டு அனுப்பிய மாதிரி இருக்கும். "என்ன அத்தான், கப்பல் ஏதும் வந்திருக்கா?" என்பேன். அவருக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் இருமல் வரும்.

ஒரு நாள் அக்காவின் போனில் ரிமோட் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இந்தப் பொருளை இனிமேல் தயாரிப்பதில்லை, கையில் இருப்பவை ஓடுகிறவரை ஓடும், இத்தனை காலம் எங்கள் பயணத்தில் கூட வந்ததற்கு நன்றி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பயணம்? மனுஷன் கட்டிலை விட்டு இறங்கி எத்தனை காலம் ஆகிறது. விற்கும்போது தேனாகப் பேசிவிட்டு, விற்று முடிந்ததும் தலைமுழுகிவிட்டு, அதற்கு ஒரு நன்றி வேறு.

ஓடுகிறவரை ஓடும் என்றார்களே, பெட்டி ஓடியது, ரிமோட்தான் தேய்ந்தது. முதலில் கதவுப் பொத்தான் கிழிந்தது. அப்புறம் கட்டிலை ஏற்றுகிற பொத்தான் சில நேரம் கேட்டது, சில நேரம் கேட்கவில்லை. ஒரு காலையில் கட்டில் பாதியில் நின்றுவிட்டது. அக்கா வருகிறவரை கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே கிடந்திருக்கிறார். மறுநாளே நான் கடை கடையாக ஏற ஆரம்பித்தேன்.

போன இடமெல்லாம் கண்ணாடிதான். ரிமோட் என்று கேட்டால் வழுவழுவென்று ஒரு கண்ணாடிப் பலகையை எடுத்து வைக்கிறார்கள். தொட்டால் போதும் சார் என்கிறார்கள். அவருக்குத் தொட்டால் போதாது, எதைத் தொடுகிறோம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பொத்தான் வைத்தது இல்லையா என்றால், அதெல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள் என்று ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஒருவர் குரலுக்குக் கட்டுப்படும் கருவி ஒன்றைத் தந்து வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அது என் பேச்சைக் கேட்டது, அக்காவின் பேச்சைக் கேட்டது, டிவியில் வாதாடிய வக்கீலின் பேச்சைக் கேட்டு விளக்கைக்கூட அணைத்தது. அத்தான் நரம்பு புடைக்கச் சொன்னதை மட்டும் அது காதிலேயே வாங்கவில்லை. மூன்றாவது தடவைக்கு மேல் அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அந்தக் கருவியைப் பைக்குள் திணித்தேன்.

கடைசியில் மூன்று ரிமோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாக அவர் விரலுக்கடியில் வைத்தேன். முதலாவதில் எறும்பு வரிசை மாதிரி பொத்தான்கள், ஒன்றை அழுத்தினால் மூன்று அமுங்கியது. இரண்டாவதை அந்தந்தக் கருவிக்கு நேராகத் திருப்பிக் காட்ட வேண்டும், அதற்கு மணிக்கட்டு வேண்டும். மூன்றாவது ஒரு சின்னக் கம்பெனியுடையது. இப்படிக் கிடக்கிறவர்களுக்காகவே ஒரு அம்மா நாலைந்து பேரை வைத்துக்கொண்டு செய்கிறார். நம் சுவரில் இருக்கிற அதே வெள்ளைப் பெட்டியோடு அது பேசும். பொத்தான்கள் பெரிது, மேடு பள்ளம் உண்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை மெல்ல ஓட்டினார். போய்த் திரும்பி வந்தது விரல்.

"இதுதான் மாப்ள," என்றார். "கைக்குத் தெரியுது."

அன்றைக்கு அக்கா சமையலறையில் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள், அது அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதற்கு அடையாளம். நானும் மிதப்பில்தான் இருந்தேன். கம்பெனியைக் கைகழுவச் சொல், நாம் பார்த்துக்கொள்வோம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிமோட்டைப் பெட்டியோடு சேர்த்துவைக்க உட்கார்ந்தோம். வேலை ஒன்றும் பெரிதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான், அதைப் பச்சை விளக்கு வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கையை நீட்டினேன். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா குனிந்து காதைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இது ஷாக் அடிக்கிற சாமான் இல்லை, போன் சார்ஜர் மாதிரிதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது. விழுந்ததிலிருந்து யாரிடமும் எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவர். ஊட்டியதைச் சாப்பிட்டார், போட்டுவிட்டதை உடுத்தினார். இந்த ஒன்றில் மட்டும் பழைய பஞ்சு எழுந்து வந்து நின்றார்.

"அணைங்க மொதல்ல. உள்ள பேட்டரி இருக்கும், அதையும் எடுங்க. அப்புறம் தொடுங்க."

அக்கா போய் மெயினை அணைத்தாள். விசிறி நின்றது. கரண்ட் போனாலும் தூங்காமல் அந்தப் பெட்டியைக் காப்பாற்றி வந்த சின்ன பேட்டரியை நான் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார், பார்த்தோம். மறுபடி பேட்டரியைப் போட்டோம், மெயினைப் போட்டோம். விசிறி சுற்றியது, பிரிட்ஜ் முனகியது. வெள்ளைப் பெட்டியில் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். பழைய ரிமோட்டில் மிச்சம் இருந்த பொத்தான்களை அக்கா ஒவ்வொன்றாக அமுக்கினாள். ஒன்றும் அசையவில்லை.

பழைய கம்பெனி நம்பரை அழைத்தால் அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. புது ரிமோட் செய்கிற அம்மாவைக் கூப்பிட்டு, அத்தானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். இனிமேல் எந்த நாளும் அந்த ஸ்பீக்கரைத் தொடுவேனா என்று தெரியவில்லை.

அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பெட்டி ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியிடம் கேட்டுக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்குமாம். போன மாதத்தோடு கம்பெனி அங்கே எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிகள் ஓடும். அணைந்தது அணைந்ததுதான்.

"அதுக்குள்ளயே பேட்டரி இருக்கே, அணையாதேன்னுதான் எங்க குறிப்புல எழுதல. யாரும் பேட்டரியக் கழட்ட மாட்டாங்கன்னு நெனச்சோம். நீங்க கழட்டுனீங்களா சார்?"

நான் ஏதோ பூசி மெழுகப் பார்த்தேன். கட்டிலில் உதடு அசைந்தது. அக்கா குனிந்து கேட்டாள், கேட்டதை வெளியே சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். அவர் எனக்கும் அதையே சொன்னார்.

"நாந்தான் கழட்டச் சொன்னேன்."

அதற்கப்புறம் நான் சும்மா இருந்துவிடவில்லை. அந்த அம்மாவிடம் வேறு பெட்டியோடு பேசுகிற ரிமோட் இல்லை, செய்யப்போகிறோம் என்கிறார், எப்போது என்று அவருக்கே தெரியாது. கடைகளில் விளக்குக்குப் பொருந்துவது கட்டிலுக்குப் பொருந்தவில்லை, கட்டிலுக்குப் பொருந்துவது கதவைத் திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் பொருந்துவது கண்ணாடியாக இருக்கிறது. எதையாவது பிடித்து வந்து அவர் விரலுக்கடியில் வைத்தால் விரல் அதன் மேல் சும்மா கிடக்கிறது. தடவிப் பார்ப்பதுகூட இல்லை. போதும் மாப்ள, அலையாதே என்கிறார்.

அக்கா மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வேறு ஆளை வைத்துவிட்டார். இப்போது கட்டிலில் ஒரு அழைப்பு மணி கட்டியிருக்கிறோம், விரல் படுகிற இடத்தில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும், அக்கா ஓடி வருவாள். அடித்துப் பார்த்துச் சரிபார்த்தது நான்தான். நான் அடித்தபோது கேட்டதோடு சரி, அதற்கப்புறம் அந்த மணிச் சத்தத்தையே கேட்கவில்லை என்கிறாள் அக்கா. அவளாகத்தான் அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கிறாள். வேண்டுமா என்று எதைக் கேட்டாலும் இருக்கட்டும் என்கிறாராம்.

போன வாரம் போயிருந்தேன். அக்கா கதவைத் திறந்தாள். அறையில் திரை முழுவதும் விலகியிருந்தது, வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, அது கண்ணுக்குள் இறங்கியிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தார். விரல் மணியின் மேல்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு நேரம் இப்படியா கிடப்பீர்கள், அழுத்தினால் அக்கா வந்து இழுத்துவிடமாட்டாளா என்று கத்தியே விட்டேன்.

கண்ணைத் திறக்காமலே ஏதோ சொன்னார். குனிந்து காதைக் கொண்டுபோனேன்.

"எதுக்கு மாப்ள? கொஞ்ச நேரம் போனா வெயில் தானா நகந்துரும்."