அத்தையின் கள்ளிச்செடியும் சாம்பிராணிக் கரியும்

எனக்குப் பத்து வயதானபோது ஒரு பூச்சட்டியை உடைத்துவிட்டு இரண்டு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அம்மாவின் சட்டியாக இருந்தால் ரோத்தான் பிரம்பால் இரண்டு அடி, அத்தோடு போயிருக்கும். ஆனால் அது அத்தையின் சட்டி.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கிள்ளானில் மாமாவோடு இருந்தவள், ஒரு சனிக்கிழமை மடியில் ஒரு செடியையும் காலடியில் ஒரு துணிப்பையையும் வைத்துக்கொண்டு ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் இருப்பாள் என்றார்கள். என் அறையில் படுத்துக்கொண்டாள். எனக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தந்தாள். அதுவரை அந்தக் கணக்கைக் கண்டாலே அழுகிற பிள்ளை நான். அவள் போய்விடக் கூடாது என்பதில் என் சுயநலமும் இருந்தது.

மாமா வாராவாரம் அப்பாவுக்குப் போன் செய்வார். அப்பா பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். அப்படியும் ஒருமுறை அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"துணிமணிகூட சரியா எடுத்துட்டு வரல மாப்ள. ஒரு செடிய தூக்கிட்டு வந்திருக்கா, அவ்வளவுதான். கோவம் ஆறுனா வந்துருவா லா."

அன்றிலிருந்து என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. அவளை இங்கே நிறுத்தி வைத்திருப்பது அந்தச் செடிதான், அது போனால் அவளும் போய்விடுவாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

அது ஆர்க்கிட் கள்ளி. பேருக்குத்தான் கள்ளி, முள்ளே கிடையாது. தட்டைத் தட்டையான தண்டுகள் நாலாபக்கமும் தொங்கும். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் பூக்குமாம். எங்கள் வீட்டில் பூக்கவில்லை. சட்டி சிறியது, அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. பெரிய சட்டிக்கு மாற்றலாமே என்று அம்மா சொன்னால், "எதுக்கு அண்ணி, கொஞ்ச நாளைக்கு" என்பாள் அத்தை. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவாள். மற்ற நாட்களில் பால்கனிப் பக்கமே வரமாட்டாள்.

ஒரு புதன்கிழமை, மழை வருகிறதே என்று துணி எடுக்க ஓடினேன். முழங்கால் இடித்துச் சட்டி மூன்று துண்டாகிவிட்டது. வீட்டில் யாரும் இல்லை.

செடியை அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியிடம் ஓடினேன். வாசல் முழுக்கப் பூச்செடி வளர்ப்பவர் அவர். வேரில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைப் பார்த்ததும், "தானா தா போலே! தாரோ ஆராங்!" என்று மலாயில் சத்தம் போட்டார். மண் கூடாதாம், கரி போட வேண்டுமாம். மரத்தில் தொற்றி வளர்கிற செடியாம், வேருக்குக் காற்று வேண்டுமாம். தேங்காய் மட்டையும் சேர்க்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் கரி இருந்தது ஒரே இடத்தில்தான். சாமி அலமாரியில், சாம்பிராணி போடுவதற்கு அம்மா வாங்கி வைத்திருந்த வட்டக் கரி வில்லைகள். தீக்குச்சி காட்டினால் சடசடவென்று பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றுவதற்காக அதில் மருந்து கலக்கிறார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்? ஒரு பாக்கெட் முழுவதையும் உடைத்துப் போட்டேன். மட்டைக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்டேன். அதில் சோப்பு வாசனை அடித்தது. எல்லாவற்றையும் ஓட்டையே இல்லாத ஒரு பிளாஸ்டிக் வாளியில் அடைத்து, செடி பிழைக்கட்டும் என்று நிறையத் தண்ணீரும் ஊற்றி, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

வியாழக்கிழமை பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தால் தண்டுகள் துவண்டு கிடந்தன, ஒரு கெட்ட வாடை வேறு. சோற்றைப் பிசைந்துகொண்டே அத்தை, "நாளைக்கு வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டாள்.

மறுநாள் மாலை இரண்டும் ஒன்றாக நடந்தன. அம்மா அலமாரியைத் திறந்து, "கரி எங்க? ஒரு பாக்கெட் அப்படியே இருந்துச்சே!" என்றாள். அத்தை குவளையோடு பால்கனிக்குப் போனாள். யாரும் என்னைக் கேட்பதற்கு முன்பே நான் ஹாலில் நின்று ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அத்தை வாடை வந்த பக்கம் தேடி வாளியை எடுத்துக் கையை உள்ளே விட்டாள். ஊறிப்போன வில்லை ஒன்று வந்தது.

"என்னடி இது, செடிக்கே சாம்பிராணி போட்டியா?"

"செடி செத்தாலும் போயிராதீங்க அத்தை," என்றேன்.

அவள் செடியை வாளியிலிருந்து உருவி எடுத்தாள். குழாயடியில் உட்கார்ந்து வேரைக் கழுவினாள், அழுகியதை வெட்டி எறிந்தாள். நாலு தண்டுதான் தேறியது. நாளிதழில் சுற்றி நிழலில் வைத்தாள். அம்மா ரோத்தானைத் தேடிப் போனவள், அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைச் சுங்கை பூலோ நர்சரிக்குக் காரில் அழைத்துப் போனார். கரி, தேங்காய் மட்டைத் துண்டு, பொரி மாதிரி வெள்ளையாகப் பெர்லைட், எல்லாம் கலந்து பையில் கட்டி வைத்திருந்தார்கள். அத்தை பையைப் பிரிக்கச் சொல்லி விரலால் கிளறிப் பார்த்தாள். கடைக்காரர் சொன்னார்: "ரெண்டு வருஷம் தாங்கும் அக்கா. அப்புறம் மட்டை மக்கிப் போயிரும், புதுசா மாத்தணும்."

அத்தை பையின் வாயை மறுபடி இறுக்கி முடிந்தாள்.

"ரெண்டு பை குடுங்க."

"ஒரு சட்டிதானே, இன்னொண்ணு எதுக்கு?" என்றார் அப்பா.

"அடுத்த தடவ மாத்துறதுக்கு. வீட்ல எங்க வைக்கட்டும் அண்ணே?"

அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. மாமாவின் பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டார். அது அடித்து ஓய்ந்த பிறகு, "ஸ்டோர்ல எடம் பண்ணித் தரேன்," என்றார்.

அந்த நிமிடத்தில் எங்கள் வீட்டில் என்ன முடிவானது என்பது எனக்குத் துளியும் விளங்கவில்லை. காரில் வரும்போது எனக்கு வேறு கவலை. செடி, சட்டி, துணிப்பை, இத்தனையோடு இந்த இரண்டாவது பையையும் சுமந்துகொண்டு அவள் எப்படிக் கிள்ளானுக்கு ரயிலேறுவாள்? ஆனாலும் பெரிய மனது பண்ணிச் சொன்னேன்.

"நீங்க போறப்ப இந்தப் பைய நான் ஸ்டேஷன் வரைக்கும் தூக்கிட்டு வரேன் அத்தை."