வாரேன் என்று சொன்னவர்

இஞ்ஞாசிக்கு நடப்பது பிடிக்காது. தோணியில் வளர்ந்த மனிதரிடம் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. தோணியில் எங்கே நடக்க? பிறகு கடலும் பிடிக்காமல் போய், தூத்துக்குடியின் புதுத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குக் காவல்காரராகச் சேர்ந்தார். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். நிற்பதும் தனக்குப் பிடிக்காது என்பதை வேலையில் சேர்ந்த பிறகுதான் கண்டுகொண்டார். ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கு உட்காருவது ஒன்றுதான் பாக்கி இருந்தது. இனி உட்காரலாம் என்று அவர் நினைத்த வருஷத்தில் வேளாங்கண்ணிக்கு நடக்க வேண்டியதாயிற்று. அதுவும் கடலோரமாக.

வேளாங்கண்ணிக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. நடந்தே தீருவேன் என்கிறவர்களும் மதுரை, தஞ்சாவூர் என்று சோறு கிடைக்கிற சாலையாகப் பார்த்துத்தான் நடப்பார்கள். கடலோர வழியில் தருவைகுளம், வேம்பார் வரைக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. அதற்கு மேல் உப்பளம், உடைமரம், கழிமுகம். பாலம் இருக்கிற ஆற்றில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருக்கிற ஆற்றில் பாலம் இருக்காது. அந்த வழியில் நடக்கிறவர்கள் இரண்டே வகை என்று துறைமுகத்தில் சொல்வார்கள்: சரக்குக் கடத்துகிறவர்கள், அவர்களைத் தேடுகிற கஸ்டம்ஸ்காரர்கள். இரண்டு தரப்பும் வேளாங்கண்ணி வரைக்கும் போவதில்லை.

சொந்த ஊரிலேயே பனிமய மாதா இருக்கிறாள். பனியை யாருமே பார்த்திராத ஊரில் அந்தப் பெயரோடு அவள் குடியிருப்பதே ஒரு புதுமைதான். வீட்டிலிருந்து கோயிலுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் கால் வலிக்காத இடத்துக்குப் போவது, மாதாவுக்கு நேர்ந்துகொண்டு தீர்க்கிற நேர்ச்சையில் சேராது என்பது ஊரின் கணக்கு.

நேர்ச்சை பிறந்த கதை எல்லாருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் கஸ்பார் தண்டல் தலைவராக இருந்து நடத்திய தோணி வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனது. நடுக்கடலில் காற்று திரும்பியது. பாய் கிழிந்தது, பாய்மரம் சாய்ந்தது, வெங்காய மூட்டைகளைக் கடலில் தள்ளியும் தோணி நிமிரவில்லை. அப்போது தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இஞ்ஞாசி வாளியைப் போட்டுவிட்டு எழுந்து நின்று, கரை இருந்த திக்கைப் பார்த்து, தொண்டை கிழிய, "மரியே, வாரேன்!" என்று கத்தினார். காற்று ஓய்ந்தது. எல்லாரும் பிழைத்தார்கள்.

இவ்வளவும் உண்மை. பொய் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: அவர் கூப்பிட்டது மாதாவை என்பது.

அவர் மனைவியை ஊர் பிளாரன்ஸ் என்று அழைத்தது. ஞானஸ்நானப் பெயர் மரிய பிளாரன்ஸ். கல்யாணமான புதிதில், கதவைச் சாத்திய பிறகு, இஞ்ஞாசி அவளை முதல் பாதியால் கூப்பிட்டார். அந்தப் பெயர் அவர்கள் இருவரைத் தவிர யார் காதிலும் விழுந்ததில்லை. பிள்ளைகள் வந்ததும் அதுவும் நின்று, எல்லா வீட்டையும் போல 'ஏளா' ஆயிற்று. சாகப் போகிற நேரத்தில் அந்தப் பழைய பெயர் வாயில் வந்தது. 'வாரேன்' என்றது வருவதற்கில்லை. போகிறவன் போறேன் என்று சொல்லக் கூடாது. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். முங்கப் போகிற மனிதர் ஊர் வழக்கப்படி முறையாக விடைபெற்றார். அவ்வளவுதான்.

கரைக்கு வந்ததும் கஸ்பார் தண்டல் கோயில் வாசலில் முழங்கால் போட்டு அழுது, நடந்ததைக் கூட்டத்துக்குச் சொன்னார். மாலை போட்டார்கள். கழுத்தில் மாலையோடு நிற்கிறவர், 'அது என் பெண்டாட்டி பேரு' என்று எப்படிச் சொல்வார்? மாதா செய்த அற்புதம் என்கிற புதுமையும் போகும், ஆம்பளை என்கிற மானமும் போகும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். சொல்லாத வார்த்தைக்குச் செலவில்லை. சொன்ன வார்த்தைதான் வளர்ந்தது. முதல் வருஷம் 'வாரேன்' என்றிருந்தது அடுத்த வருஷம் தண்டல் வாயில் 'நடந்தே வாரேன்' ஆயிற்று. அதற்கடுத்து 'கடலோரமா நடந்தே'. கடைசியாகச் செருப்பும் கழன்றது.

"கடலப் பாத்துச் சொன்னத கடலப் பாத்தே தீக்கணும்லே," என்பார் தண்டல். "மாதாகிட்டச் சப்பாத்து போட்டுக்கிட்டா போவ?"

இப்படியே சாக்குச் சொல்லிக் காலம் தள்ளியிருக்கலாம். முழங்கால் என்றார், லீவு என்றார், வெயில் என்றார், மழை என்றார். ஆனால் இந்த வருஷம் பிளாரன்ஸின் மூச்சிளைப்பு முற்றியது. குசினியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் ஒருமுறை சுவரைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. டாக்டர் தூசி என்றார். பிளாரன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

"தூசி ஊருக்கெல்லாம் பொது. மாதா என் நெஞ்சுல உக்காந்து கேக்கா, சொன்னது என்னாச்சுன்னு. நீங்க போவலன்னா நான் போறேன்."

சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தார். பனிமய மாதா திருநாள் முடிந்த கையோடு அவள் பழைய மாவுச் சாக்கைப் பிரித்து ஒரு தோள்பை தைத்தாள். சரி, நமக்கு என்று எண்ணிக்கொண்டார். மறுநாள் இரண்டாவது பை தைத்தாள். அதில் வார் கொஞ்சம் குட்டை. அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.

அன்றைக்குத்தான் இஞ்ஞாசி நடந்து பழக ஆரம்பித்தார். வேலை முடிந்து கிட்டங்கியிலிருந்து மில்லர்புரம் வரைக்கும் போய், அங்கிருந்து வீடு. துணைக்கு வந்தவர் அதே கிட்டங்கியில் கணக்கெழுதும் கிருபாநிதி. நாசரேத் ஊர்க்காரர், சீர்திருத்தச் சபை, மில்லர்புரத்தில் வாடகைக்கு இருந்தார். வேத விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. மற்றவற்றிலும் அவ்வளவாக இல்லை. ஆனாலும் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே கூட நடந்தார்.

"எங்க சபையில பொருத்தனைன்னு சொல்லுவோம், அண்ணாச்சி," என்றார் கிருபாநிதி. "பண்ணினா ஞாயித்துக்கெழமை எந்திரிச்சுச் சாட்சி சொல்லிட்டு உக்காந்துருவோம். உங்காளுகதான் காலப் போட்டு வதைக்கிய."

"உக்காந்துருவியளா?"

"உக்காந்துருவோம்."

"நல்ல வேதம்," என்றார் இஞ்ஞாசி, பெருமூச்சோடு.

ஆடிக் காற்று மண்ணை வாரி இருவர் முகத்திலும் ஒரே மாதிரி அடித்தது.

"பண்ணாமலே இருந்திருக்கலாம்லா?" என்று கேட்டார் கிருபாநிதி.

"பண்ணல," என்று வாய் வரைக்கும் வந்தது. இஞ்ஞாசி கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். கத்தோலிக்க மாதாவின் புதுமையைச் சீர்திருத்தச் சபைக்காரரிடம் காட்டிக் கொடுப்பதற்கு நடப்பதே மேல் என்று பட்டது. வீட்டுக்கு வந்தபோது குதிகால் வீங்கியிருந்தது. பிளாரன்ஸ் வெந்நீரும் உப்பும் கொண்டு வந்து வைத்தாள். வைக்கும்போதே மூச்சு வாங்கினாள். சுவரில் இரண்டு பைகளும் ஒரே ஆணியில் தொங்கின.

"ஒன்ன யாருளா வரச் சொன்னா?"

"ஒங்களுக்கு நடந்தா கால் வீங்குது. எனக்கு நடக்காட்டியும் மூச்சு வாங்குது. பாதி நீங்க, பாதி நான்னு மாதாகிட்டக் கேட்டுக்கிடலாம்."

"வேம்பாரு தாண்ட மாட்ட."

"தாண்டாட்டி அங்கன பொதைங்க. அங்கயும் கோயிலு இருக்குல்லா."

இதை அவள் அழாமல், உப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் பயமாக இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம். பிளாரன்ஸ் குசினியில் வழிக்குப் பொரிகடலை மாவு இடித்துக்கொண்டிருந்தாள். நாலு இடி, பிறகு உலக்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு. மறுபடி நாலு இடி. இஞ்ஞாசி நிலைப்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, நான் நேரல."

"என்னத்த?"

"நேர்ச்சைய. அன்னைக்கு ஒண்ணும் நேரல. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், அம்புட்டுத்தான்."

"மாதா பேரத்தான?"

"ஒம் பேர."

"எம் பேரு பிளாரன்ஸு."

"மத்த பேரு."

உலக்கை நின்றது. பிளாரன்ஸின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷமில்லை, கோபமுமில்லை. திகில்.

"எல்லார் முன்னாலயுமா?"

"காத்துல யாரு இருந்தா, யாரு இல்லன்னு எனக்கு என்ன தெரியும்?"

"வாரேன்னு சொன்னியளாமே? எங்க வாரதுக்கு?"

"வாரதுக்கில்ல. போறதுக்கு. போறேன்னு சொல்லக் கூடாதுல்லா."

பிளாரன்ஸ் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "முங்குத நேரத்துலயும் மரியாதையப் பாரு!" சிரிப்பு இளைப்பில் போய் முட்டி, இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, உலக்கையோடு தரையில் உட்கார்ந்தாள். இஞ்ஞாசி எழுந்து போய் அவள் முதுகைத் தடவினார். மூச்சு அடங்க நேரமாயிற்று.

"அப்ப மாதா எம் மேல கோவமா இல்ல."

"அவளுக்கு விஷயமே தெரியாது."

"டாக்டரு சொன்னது மாதிரி வெறும் தூசிதானா?" என்றாள். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது போல. எழுந்து, குட்டை வார் வைத்த பையை ஆணியிலிருந்து எடுத்து, உதறி, மடித்து, பானைக்கு மூடியாகப் போட்டாள்.

இஞ்ஞாசிக்கு அன்றைக்குத்தான் நான்கைந்து வருஷத்தில் முதல் தடவையாக உடம்பு லேசானது. "அப்ப நானும் போவ வேண்டாம்லா?"

"கஸ்பார் அண்ணாச்சிகிட்ட என்ன சொல்லுவிய?"

"உள்ளதச் சொல்லிருவோம்."

"சொன்னியன்னா நான் தெருவுல தலகாட்ட முடியுமா? கடலுக்கு நடுவுல நின்னு பெண்டாட்டி பேரக் கூவினாராம்னு மீன் வாங்கப் போற எடத்துலகூடச் சிரிப்பாளுவ." மறுபடி உலக்கையை எடுத்தாள். "பேசாம நடந்துட்டு வாங்க."

ஆக, உண்மை பாதி வேலையைத்தான் செய்தது. அவளை நிறுத்தியது, அவரை நிறுத்தவில்லை.

விடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். மூப்பில் நடக்க முடியாமல் போன கஸ்பார் தண்டலை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். கிருபாநிதி தன் சபைக்கு விரோதமில்லாமல் தெருவின் எதிர்ப்பக்கம், சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். இஞ்ஞாசி வெறுங்காலோடு, தோளில் மாவுப் பையோடு, ஏற்கெனவே நடந்து முடித்தவர் மாதிரி களைத்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"ஏலே இஞ்ஞாசி," என்றார் தண்டல். "அன்னைக்குச் சொன்னத ஒருக்கச் சொல்லிட்டுப் பொறப்படு. நான் காதால கேட்டுக்கிடுதேன்."

இஞ்ஞாசி கோயிலைப் பார்க்கவில்லை. பெண்கள் நின்ற பக்கம் தேடினார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தூணில் ஒரு கையை ஊன்றி, பிளாரன்ஸ் நின்றாள்.

"மரியே, வாரேன்."

தண்டல் ஓவென்று அழுதார். "அதே குரலு! கேட்டியளா, அதே குரலு!" பெண்கள் சிலுவை வரைந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் கிருபாநிதிகூடத் தொப்பியைக் கழற்றினார்.

பிளாரன்ஸ் தலை நிமிரவில்லை. கழுத்துவரை சிவந்திருந்தது. தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கிற சாக்கில் அருகில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பைக்கு அடியில சப்பாத்து வச்சிருக்கேன். தருவைகுளம் தாண்டினதும் போட்டுக்கிடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."