மாமாவின் கையெழுத்து

என் வாழ்நாளில் நான் ஒரே ஒருவருக்குத்தான் எழுதக் கற்றுக்கொடுத்தேன். அப்போது எனக்கு மூன்றாம் வகுப்பு. மாணவர் என் அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்த மாமா.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த கிழங்கு மாவு நின்றுபோக, புதுச்சத்திரத்துப் பக்கம் ஜவ்வரிசி மில்கள் முளைத்தன. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைக்கும் மெஷினில் மாமாவுக்கு வேலை. ஆணியால் பொத்தல் போட்ட தகரம் சுற்றிய உருளை. எண்ணெய் இஞ்சினில் சுழலும். கிழங்கை அதற்குள் தள்ள ஒரு கட்டை உண்டு. கட்டை ஒடிந்துவிட்டதென்று மாமா இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் கையாலேயே தள்ளினார். இடது கையில் சுண்டுவிரல் மட்டும் மிஞ்சியது.

காயம் ஆறியதும் மில் கணக்குப்பிள்ளை வீடு தேடி வந்தார். ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தால் முதலாளி வாசல் காவல் வேலை தருவார், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான்கு விரல் போனவருக்கு வேறு இடம் ஏது? ஆனால் அதிலும் ஒரு சிக்கல். கைநாட்டு என்றால் ஆண்களுக்கு இடது பெருவிரல், பெண்களுக்கு வலது. மாமாவின் இடது பெருவிரலோ கிழங்கோடு போய்விட்டது. வலதை வைத்தால் ஆகாதா என்று அம்மா கேட்டாள். நாளைக்குச் செல்லாமல் போய்விடும் என்றார் கணக்குப்பிள்ளை. பொம்பளையாட்ட வலதை வைக்கமாட்டேன் என்று மாமாவும் முறுக்கிக்கொண்டார். கடைசியில் கையெழுத்துப் பழக எட்டு நாள் தவணை கிடைத்தது.

அந்த எட்டு நாளும் எனக்குத் திருவிழாதான். முறத்தில் மணலைப் பரப்பி மாமாவை எதிரே உட்காரவைத்தேன். எங்கள் வாத்தியாரிடம் வாங்கியதையெல்லாம் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பெயரில் ஒரு ணகரம் வரும். மூன்று சுழி போடவேண்டிய இடத்தில் நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருப்பார். நான் காதைத் திருகுவேன். கிழங்கு மூட்டையை ஒரே தூக்காகத் தூக்கிய மனிதர், "உடுங்க வாத்தியாரம்மா, வலிக்குதுங்க" என்று கெஞ்சுவார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே நாளாகியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் பள்ளிக்கூடத்தில்கூட இருந்ததில்லை.

ஒன்பதாம் நாள் மில்லுக்கு என்னையும் கூட்டிப்போனார். காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டி, "படி சாமி" என்றார். கணக்குப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. நான் பள்ளிக்கூட ராகத்தில் உரக்கப் படித்தேன். 'என் சொந்தக் கவனக்குறைவால்' என்று தொடங்கி 'மில்லின் மேல் இனி எனக்கு யாதொரு பாத்தியதையும் கிடையாது' என்று முடிகிறவரை ஓர் இடத்திலும் திக்கவில்லை.

"கட்டை ஒடஞ்சது எழுதியிருக்குதா சாமி?"

முதலிலிருந்து மறுபடி தேடினேன். "இல்லீங்க மாமா."

அவர் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு எழுதினார். நான் சுழிகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சரியாக நிறுத்தினார். கணக்குப்பிள்ளை என்னைக் கெட்டிக்காரி என்றார். திரும்பும் வழியெல்லாம் நான் துள்ளிக்கொண்டு வந்தேன். மாமா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

வாசல் காவல் வேலை கிடைத்தது. ஆனால் அதன்பின் ரேஷன் கடையானாலும் சரி, பஞ்சாயத்துக் காகிதமானாலும் சரி, மாமா வலது பெருவிரலைத்தான் நீட்டினார். பொம்பளை நாட்டு என்று ஊரே கேலி செய்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான்கு வருஷம் பொறுத்து ஒருநாள் கேட்டேவிட்டேன், நான் சொல்லிக்கொடுத்ததை ஏன் மறந்தீர்கள் என்று.

"மறக்கலைங்க சாமி. கட்டை ஒடஞ்சதை எழுதாத காகிதத்துல போட்டதே போதுங்க" என்றவர், குனிந்து மண்ணில் தன் பெயரை எழுதிக் காட்டினார். மூன்று சுழியும் சரியாக இருந்தன. பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

அப்படியும் எனக்கு விளங்கவில்லை. சொல்லிக்கொடுத்தவளை அவமதிக்கிறார் என்று நினைத்து, இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.