காது வைப்பவரின் வீட்டுக்காரி

என் வீட்டுக்காரருக்குக் குடிநீர்த் துறையில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "காது வைக்கிற வேலை" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். உண்மையில் அதுதான் வேலை. சாலைக்கு அடியில் போகிற குழாய் எங்கேயோ விரிசல் விட்டு, தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். மேலே ஈரம்கூடத் தெரியாது. இவர் ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் ஊன்றி, அதன் மேல்முனையில் இருக்கும் குமிழில் காதை ஒட்டவைத்துக் கேட்பார். இங்கே இல்லை என்று நாலடி தள்ளிப் போவார். அங்கேயும் இல்லை என்பார். கடைசியில் ஓரிடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். அங்கே தோண்டுவார்கள், தண்ணீர் பீறிட்டு வரும். துறையில் இவரை 'காது' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

என் பிழைப்பு அதற்கு நேர் எதிர். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பவள் நான். எட்டு மணி நேரம் பேசுவேன், எதிரே ஒருவரும் பதில் பேச மாட்டார்கள். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. சபையில் எனக்கு 'ஒலிபெருக்கி அக்கா' என்று பெயர். கேலிதான், ஆனால் ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் ஜெபிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆரம்பித்தால் அரை மணி நேரம் மூச்சு விடாமல் ஜெபிப்பேன். ஆமென் சொன்ன கையோடு "கர்த்தர் என்கூடப் பேசினார்" என்று தொடங்குவேன். யாருக்கு எந்த வேலை, யார் எந்த வீட்டுக்குக் குடிபோகலாம், எல்லாம் என் வாயிலிருந்து வரும். சிலது நடந்தது. நடக்காததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, முக்கியமாக நான்.

இவரோ காலை ஐந்தரைக்குச் சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். கை இரண்டும் முழங்கால்மேல். கண் திறந்தே இருக்கும், உதடு அசையாது.

"ஜெபம் பண்ணுங்கன்னா இப்படிக் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே!"

"பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"ஒரு வார்த்தையும் காணோமே?"

"வீட்டுல பேச ஒரு ஆள் இருக்குல்ல. அந்தப் பக்கத்துலேருந்து ஏதாவது வந்தா வாங்கிக்க ஒரு ஆள் வேண்டாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்டியை ணங்கென்று வைத்துவிட்டுப் போவேன்.

இருபத்தாறு வருஷத்தில் இவர் ஒரு தடவைகூடக் "கர்த்தர் சொன்னார்" என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஒன்று நடந்தது. ஒரு வருஷம் இவர் குறி போட்ட இடம் தப்பாகிப்போய், ஒரு கடையின் வாசல்படியை வீணாக உடைத்துவிட்டார்கள். தோண்டியவர்கள்தான் இடம் மாறித் தோண்டினார்கள் என்று பொறியாளர் நினைத்தார். சும்மா இருந்திருந்தால் இவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நாலாம் நாள் காலை நாற்காலியிலிருந்து எழுந்தவர், டீயைக்கூடக் குடிக்காமல் அலுவலகத்துக்குப் போய் "குறி போட்டது நான், தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு வந்தார். பதவி உயர்வு போயிற்று. நான் தாம்தூம் என்று குதித்தேன். "என்ன பண்றது? தினமும் உக்காந்தா இதுவே வந்து நிக்குது. மறந்துட்டேன்னு நினைச்சாலும் நிக்குது" என்றார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அன்றைக்கு முழுக்கத் திட்டினேன்.

எங்களுக்கு ஒரே மகள். நர்ஸ். சண்டை நடந்து ஓய்ந்த ஒரு தூர தேசத்தில், மிஷன் மருத்துவமனை ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்க்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கையிழந்த, காலிழந்த பிள்ளைகளுக்கான வார்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை என்னிடம் வந்தாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் புரியல. நீ ஜெபம் பண்ணிச் சொல்லும்மா. அவர் என்ன சொல்றாரோ அப்படியே செய்றேன்."

முழங்கால் போட்டேன். வாய்தான் ஆண்டவரைக் கூப்பிட்டது. கண்ணுக்குள் குண்டு விழுந்த கட்டடங்கள். நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே இடித்துக்கொண்டே இருந்தது. இவ்வளவு பலமாக ஒன்று எனக்குள் கேட்டதே இல்லை. எழுந்து, பேருந்து புறப்படுவதை அறிவிப்பது போலவே சொன்னேன்: "கர்த்தர் தெளிவாப் பேசிட்டாரு. நீ போகக் கூடாது."

அவள் முகத்தில் விளக்கை அணைத்தது மாதிரி ஆயிற்று. "சரிம்மா" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் தட்டைப் பார்த்தபடி கேட்டார்: "அவரா சொன்னாரு?"

"பின்னே, நானா சொன்னேன்? உங்களுக்கு ஒண்ணும் கேக்கலேன்னா எல்லாருக்கும் கேக்காதுன்னு அர்த்தமா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இவருக்கு அழைப்பு வந்தது. அரசு மருத்துவமனைத் தெருவில் தண்ணீர் அடியோடு நின்றுவிட்டதாம். பிரஷர் மாத்திரையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆறரை மணிக்கு அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்படியே முதல் ஆராதனைக்குப் போய்விடலாம் என்று கணக்கு.

தெருவில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு குழிகள் வெட்டி, இரண்டும் வறண்டு கிடந்தன. கடப்பாரைக்காரர்கள் இரண்டு பேர் ஓரமாக நின்றார்கள். இவர் கம்பியில் காது வைத்து நடுத்தெருவில் குனிந்திருந்தார். நான் வாயெடுக்கும் முன்பே கையை உயர்த்தினார். அந்தக் கைக்கு எல்லோரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். வீட்டில் நான் அந்தக் கையை ஒரு நாளும் மதித்ததில்லை.

நிமிர்ந்து மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, "நீ கேட்டுப் பாக்கறியா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. குனிந்து காதை வைத்தேன். சில்லென்றிருந்தது. உடனே கேட்டது! தப், தப், தப் என்று பூமிக்குள் யாரோ இடிக்கிற மாதிரி.

"ஏங்க! கேக்குதுங்க! தண்ணி அடிச்சு அடிச்சு ஓடுது! இங்கேயே தோண்டச் சொல்லுங்க!"

கடப்பாரைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

"அது தண்ணி இல்லம்மா. அது உன் நாடி."

"என்னது?"

"ஓடி வந்திருக்கே, படபடன்னு இருக்கு. காதை அழுத்தி வெச்சா முதல்ல கேக்கறது நம்ம ரத்தம்தான். நல்லா பலமா கேக்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் அதுக்குத்தான் குழி தோண்டச் சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன்."

"அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"இது நம்ம சத்தம், இது மோட்டார், இது யாரோ குழாயைத் திறக்கறாங்கன்னு ஒவ்வொண்ணா ஒதுக்கணும். அதெல்லாம் ஏறும், இறங்கும், நிக்கும். கசிவு மட்டும் நிக்காது. சின்னதாத்தான் இருக்கும். மூச்சை மெதுவா விடு. பேசாதே."

பேசாதே என்று என்னிடம் யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன். அன்றைக்கு விட்டேன். தப் தப் என்பது மெல்ல மெல்லத் தணிந்தது. எங்கேயோ ஒரு மோட்டார் உறுமி நின்றது. பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை என்று நிமிரப்போன நேரத்தில், அந்த ஒன்றுமில்லாததற்குள்ளே மெல்லிசாக ஒரு சீற்றம். நூல் மாதிரி. விடாமல், அவசரப்படாமல், ஒரே சீராக. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் வருவதற்கு முன்பும் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் "கேக்குது, கேக்குது" என்று கத்தியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. என் கூச்சலுக்கு அது குரலை உயர்த்தவும் இல்லை, கோபித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. அம்மாடி!

இவர் இரண்டடி தள்ளிப் போய்க் கேட்டு, குறி போட்டார். கடப்பாரை இறங்கியது. நான் நடைபாதை விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். வியாழக்கிழமை எனக்குள் இடித்தது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. என் ரத்தத்துக்குக் கர்த்தர் என்று பெயர் வைத்து, பெற்ற மகளின் தலையில் அதை ஏற்றியிருக்கிறேன்.

"ஏங்க, அன்னிக்கு நான் கேட்டது..."

"அது எனக்குத் தெரியாது" என்றார், என் பக்கத்தில் குந்தியபடி.

"தப்புன்னு தோணுச்சுன்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

எங்களுக்குப் பின்னால் குழிக்குள் தண்ணீர் பொங்கி, ஆட்கள் சத்தம் போட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராதனைக்கும் போகவில்லை.

வீட்டில் மகள் மடிக்கணினி முன்னால் இருந்தாள். வர இயலாது என்று மரியாதையாக எழுதி முடித்திருந்தாள், அனுப்புவதுதான் பாக்கி. செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"அனுப்பாதே. கர்த்தர் பேசினாருன்னு நான் சொன்னது பொய். வேணும்னே சொல்லல. ஆனா பொய்தான். பயந்தது நான். என் பயத்துக்கு அவர் பேரை வெச்சுட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். மூடியைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்னிலேருந்து நான் ஜெபமே பண்ணலம்மா. உன்கிட்டதான் சொல்லிட்டாரே, இனிமே என்கிட்ட சொல்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது, என்னை அவருக்குப் பிடிக்கலையோன்னுகூட நினைச்சேன்."

செவிட்டில் அறைந்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. சின்ன வயதில் அவளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அவள் அவரிடம் போகிற வழியில் நந்தி மாதிரி நின்றவளும் நான்தான்.

"இப்போ அவர் என்னம்மா சொல்றாரு?" என்றாள்.

"என்னைக் கேக்காதே கண்ணு. அவர்கிட்ட கேளு."

அவளை உள்ளே விட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நடையில் தரையில் உட்கார்ந்தேன். என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் வரும். அதனால் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சு இடித்தது. இடிக்கட்டும், அது நான்தான் என்று விட்டேன். குண்டு, நெருப்பு, சவப்பெட்டி, எல்லாம் வந்தன. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. என்னுடைய நியாயங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பேசிக் களைத்துப்போயின. எவ்வளவு நேரமோ தெரியாது. எல்லாம் அடங்கின பிறகு ஒன்று இருந்தது. காதில் கேட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடத் தெளிவாக இருந்தது: இவள் என்னுடையவள்.

என் குரல் எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்குகிறேன். இது என் குரல் இல்லை. நான் கேட்க விரும்பியதும் இல்லை. அதட்டவில்லை, கெஞ்சவில்லை. அவளைப் பெறுவதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இப்போதும் சொன்னது போலிருந்தது. நெற்றியைத் தரையில் வைத்துக் குப்புற விழுந்துவிட்டேன். பயமா சந்தோஷமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சின்ன நடையில், துடைப்பத்துக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில், அவர் இருந்தார்.

கதவு திறந்தது. மகளின் கண் இரண்டும் சிவந்திருந்தன, முகம் மட்டும் கழுவிவிட்டது போல இருந்தது.

"அம்மா, நான் போகணும்மா."

'என்கிட்டயும் சொன்னாருடி' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டேன். அவளைக் கட்டிப் பிடித்து அழுதேன். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.