இரண்டு முறை வாங்கிய கட்டணம்

ஹைதராபாத்தில் ‘பர்ஸோன்’ என்றால் முந்தாநாள் மட்டுமல்ல. போன மாதமும் பர்ஸோன்தான், போன ரம்ஜானும் பர்ஸோன்தான். திருச்சியில் டியூஷன் வைத்து இந்தி படித்திருந்த எனக்கு இது தெரியவர நான்கு வருடம் ஆயிற்று. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

கணவரின் மென்பொருள் வேலைக்காக இங்கே வந்தோம். நான் மாரெட்பள்ளியில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து மனநல ஆலோசகராகத் தொழில் தொடங்கினேன். திருச்சியில் ஆஸ்பத்திரி வேலை. சம்பளம் முதல் தேதி வந்துவிடும், யாரிடமும் பணம் கேட்கவேண்டியதில்லை. இங்கே அழுது முடித்தவர்களிடமே கட்டணம் கேட்கவேண்டும். எனக்குக் கூசியது. கொடுத்ததை எண்ணாமல் கைப்பைக்குள் போடுவேன். பிள்ளையின் ஸ்கூல் வேன் கட்டணமும் காய்கறியும் அதிலிருந்தே போகும்.

ஐ.டி. கம்பெனிகள் ஆட்களைக் குறைத்த வருடம் நஸீமா வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். வேலை போனதிலிருந்து சாப்பாட்டைத் தொடாத பெண். ஆறாவது வாரம்தான் நிமிர்ந்து பேசினாள். கூட வரும் அவள் அம்மா வெளியே நாற்காலியில் காத்திருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவிடம், நான்கு தடவைக்கான பணம் பாக்கி என்றேன். அந்த மாத வாடகைக்குக் கையில் எதுவும் இல்லை.

“பர்ஸோன் தே தியே நா, மேடம்,” என்றார். கொடுத்துவிட்டேனே என்று.

“முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வரவே இல்லையே,” என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து ஆயிரத்து இருநூறு ரூபாயை மேஜைமேல் வைத்தார். நஸீமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் அவர்கள் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். ஓரத்தில் என் கையெழுத்தில், ‘அம்மா 1200 கொடுத்தார், நான்கு தடவைக்கு முன்பணம்’. அந்தச் செவ்வாய்க்கு இருபது நாள் முந்தைய தேதி. அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நோட்டை மூடிவிட்டு அடுத்தவரை உள்ளே கூப்பிட்டேன்.

மறுநாள் பணத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். அம்மா டீ கொடுத்தார், பணத்தை வாங்கிக்கொண்டார். நஸீமா திரும்பவும் வருவாளா என்று கேட்டேன். அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார்.

“பச்சி நக்கோ போல் ரீ.” மகள்தான் வேண்டாம் என்கிறாள்.

இதை இங்கே இதே தொழிலில் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கைமாறிய உடனே, அவர்கள் எழுந்திருக்கும் முன்பே, தேதி போட்டு ரசீது கொடுக்கிறேன். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. அதில் வருவதில் மூன்றில் ஒரு பங்கை வரிக்கும் வாடகைக்கும் என்று தொடாமல் வைத்து, எனக்கு மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அரைமணி நேரம் வரவு செலவு பார்க்கிறேன். இவ்வளவுதான். கஷ்டமான காரியம் எதுவுமில்லை. நஸீமா வருவதற்கு முன்பே செய்திருக்கலாம்.

சென்ற கோடையில் திருச்சிக்குப் போயிருந்தேன். கணவனை இழந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அக்கா அழைத்துவந்தாள். அவள் தமிழில் பேசினாள், தமிழில் அழுதாள். ஒரு சொல்கூடப் புரியாமல் இல்லை. ஆனால் அத்தனையையும் நான் உள்ளுக்குள் இங்கிலீஷில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சை நிறுத்தியபோது, “ஹா, போலியே,” என்றேன். ‘ம், சொல்லுங்க’ என்பது இந்தியில் வந்துவிட்டது.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் அக்காவைப் பார்த்தாள்.

“இவங்களுக்குத் தமிழ் தெரியாதாக்கா?”