மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டர்

அன்று லேபில் நான்கு பேர் இருந்தோம். மைக்ராஸ்கோப் அறையில் டெக்னீஷியன் அக்கா, பில் மேசையில் நான், வெளி பெஞ்சில் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயியும் அவர் மனைவியும். சதைப் பரிசோதனை பார்த்து ரிப்போர்ட் சொல்ல வேண்டிய டாக்டர் இல்லை. அவர் சென்னையில் வேலை கிடைத்துப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் ஊரில் இல்லாமலே லேப் ஓடியதற்கு நான் செய்திருந்த ஏற்பாடுதான் காரணம். மைக்ராஸ்கோப்பின் தலையில் ஒரு கேமரா. அது பக்கத்திலுள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் சேரும். அந்தக் கம்ப்யூட்டரின் திரையை டாக்டர் சென்னையில் தன் லேப்டாப்பில் அப்படியே பார்ப்பார். "லெஃப்ட்ல தள்ளும்மா, இன்னும் கொஞ்சம், அங்கயே நிறுத்து" என்று அவர் போனில் சொல்லச் சொல்ல, அக்கா சதை ஒட்டிய கண்ணாடித் தகட்டை நகர்த்துவார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்த ஏற்பாட்டை மூன்று வாரம் முட்டி மோதிச் செய்து முடித்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு என் பில் மேசை மானிட்டர் கெட்டுப்போனது. மைக்ராஸ்கோப் அறை மானிட்டரை யாரும் பார்ப்பதில்லை. அக்கா கண்ணை லென்ஸில் வைத்தே வேலையை முடித்துவிடுவார். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலிருந்து அந்த மானிட்டரைக் கழற்றி என் மேசையில் வைத்துக்கொண்டேன். டாக்டருக்குப் படம் முன்போலவே தெரிந்தது. லேப் முதலாளி, "செலவு மிச்சம் பண்ணிட்டியே" என்று முதுகில் தட்டினார்.

ஐந்து மாதம் அந்தக் கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. ஆயுத பூஜைக்குத்தான் நிறுத்தினோம். எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைத்து, விஜயதசமி முடியும்வரை ஓய்வு கொடுத்து, மறுநாள் காலையில் போட்டோம். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. பதினொரு மணிக்கு டாக்டர் இணைந்தார்.

"ஒண்ணும் தெரியலப்பா. கறுப்பா இருக்கு."

பெஞ்சில் இருந்த அந்த விவசாயி மனைவியின் மார்பிலிருந்த கட்டியில் எடுத்த சதை, கண்ணாடியில் ஏறித் தயாராக இருந்தது. ரிப்போர்ட்டோடு மறுநாள் காலை ஆறு மணிக்குள் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் சேர்த்துக்கொள்வார்கள். தவறினால் அடுத்த படுக்கை எப்போது என்று சொல்ல முடியாது. சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் கணவரின் மச்சான் கண்டக்டர். இரண்டு சீட் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். லீவு முடிந்து ஊர் திரும்புகிற கூட்டம். அந்த பஸ்ஸை விட்டால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அந்த அம்மாவால் பத்து நிமிடம் நிற்க முடியாது.

முதலில் நெட்டைச் சந்தேகித்தேன். பிறகு பாஸ்வேர்டை. என் மேசையிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க முடிந்தது. கேட்டதற்கெல்லாம் அது பதில் சொன்னது. அதனால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, அனுப்புகிற மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து, அதை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கறுப்புதான்.

"செல்லுல போட்டோ எடுத்து அனுப்பட்டுமா டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"வேணாம்மா. இத போட்டோ பாத்துலாம் சொல்ல மாட்டேன். ரெண்டு மணிக்கு மேல எனக்கு இங்க வேலை இருக்கு, அதுக்குள்ள பாருங்க. இல்லன்னா அஞ்சரைதான்."

கணவர் கதவருகே வந்து நின்றார். "ஆவுமா தம்பி?"

"அஞ்சு நிமிஷம்ணே."

நான்காவது தடவை இதைச் சொன்னபோது அக்கா திரும்பினார். "உன் அஞ்சு நிமிஷத்துல நான் இன்னொரு புள்ள பெத்து ஸ்கூல்ல சேத்துடுவேன்." யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மணி தாண்டியிருந்தது.

மூன்றரைக்கு அக்கா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஏன்டா, பூஜைக்கு முன்னாடி ஓடிச்சு இல்ல? நடுவுல இன்னா பண்ணோம்? அணைச்சோம், போட்டோம். அவ்ளோதான? இதுக்கு மின்ன எப்ப அணைச்சது?"

நினைத்துப் பார்த்தேன். கடைசியாக அணைத்துப் போட்டபோது மானிட்டர் அதோடு இருந்தது. ஆன் ஆகும்போது மானிட்டர் மாட்டியிருப்பது தெரியாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் திரைக்கான படமே வரையாது. நான் காலையிலிருந்து படம் போகிற வழியைச் சரி செய்துகொண்டிருந்தேன். அனுப்பப் படம் இல்லை.

என் மேசை மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டி, அணைத்துப் போட்டேன். படம் வந்தது. மணி மூன்று ஐம்பது. டாக்டரின் போன் அணைந்திருந்தது.

நாலரை மணிக்குக் கண்டக்டர் கூப்பிட்டார். "போய்க்கினே இரு மச்சான், எங்களுக்கோசரம் நிறுத்தாத" என்று கணவர் சொன்னது எனக்குக் கேட்டது. வெளியே போய், "அண்ணே, நெட்டுல கோளாறு இல்ல, என் தப்புதான். மானிட்டர நான்தான் கழட்டினேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ள நீ. உனக்கே தெரியலன்னா நாங்க யார கேக்கறது?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

ஐந்து நாற்பதுக்கு டாக்டர் மறுபடி இணைந்தார். லெஃப்ட், மேல, நிறுத்து. அக்கா கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார். "டைப் பண்ணிக்கப்பா," என்று டாக்டர் சொன்னதும் அடித்தேன். நடுவில் வந்த ஒரு வார்த்தையைத் தப்பாக அடித்து, அழித்து மறுபடி அடித்தேன்.

கவரை நீட்டியபோது, "இன்னா போட்டுக்கீது?" என்றார் கணவர். அதுவரை ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மா கையை உயர்த்தினார். "படிக்காத தம்பி. அங்க போயி கேட்டுக்கறோம்."

அவர்களோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். புதுச்சேரி பஸ்ஸில் படிக்கட்டுவரை ஆள் தொங்கியது. அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, எதிர்ப்பக்கம் போய் வாடகைக் கார் பேசினோம். பையில் இருந்த ஐந்நூறை எடுத்தேன். கணவர் என் கையை மடக்கிவிட்டார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, ஆஸ்பத்திரிக்கென்று வைத்திருந்ததிலிருந்து எண்ணி எடுத்தார். புதுச்சேரிக்கு ஒரு வழி, வண்டி காலியாகத் திரும்பும் டீசலும் சேர்த்து, மூவாயிரத்து இருநூறு ரூபாய்.