வதனி கேட்ட இரண்டு கிழமை

கணக்காளர் தொழிலைத் தொடங்க ஒரு மேசை, இரண்டு கதிரை, எந்தத் தொகையைக் கண்டாலும் மாறாத ஒரு முகம், இவ்வளவும் போதும். தொடர்ந்து நடத்துவதற்குத்தான் இன்னொன்று வேண்டும். அது என்னவென்று பதினொரு வருடம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. சொந்தமாக அலுவலகம் வைத்துக்கொண்டு, வரி விபரத்திரட்டு அனுப்பி முடியும்வரை சாப்பாடும் இறங்காமல் திரிகிற என் இனத்தவரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கடிதம்

கரவெட்டியில் நான் அலுவலகம் திறந்த இரண்டாம் மாதம் வேலைக்கு வந்தவர் வதனி. இரண்டு பிள்ளைகளின் தாய். வீடு, பிள்ளைகள், என்னுடைய கோபம் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு, நாற்பத்தொரு வயதில், ஆறாவது தடவை எழுதிப் பட்டயக் கணக்காளர் கடைசிச் சோதனையைப் பாஸ் பண்ணினார். அங்கத்துவமும் கிடைத்தது. பெரிய கேக் ஒன்று வாங்கிக் கொண்டாடினோம். கேக் முடிந்த மறுகிழமை கொழும்பு நிறுவனம் ஒன்றிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. சம்பளம் இங்கே கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு, கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை.

கடிதத்தை என் மேசையில் வைத்தார். வாசித்தேன். வதனி போனால் இந்த அலுவலகம் வரி விபரத்திரட்டு அனுப்பும் நவம்பரைக் காணாது என்பது எனக்கு உடனே விளங்கியது. ஆனால் தொழில் முகம் இருக்கிறதே, அது மாறாமல் "சந்தோசம்" என்று சொன்னது. வதனி கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு சொன்னார்: "இரண்டு கிழமை தாங்கோ சேர், யோசிச்சுச் சொல்லுறன். அதுக்கிடையிலை வாற ஆக்களோடை சண்டை பிடிச்சுப்போடாதேங்கோ."

பன்னிரண்டு பைகள்

இந்த இரண்டு கிழமையும் வதனி இல்லாமல் நடத்திப் பழகுவோம் என்று முடிவெடுத்தேன். "வாற ஆக்களை நான் பாக்கிறன், நீர் உள்ளுக்கை கோப்புகளைப் பாரும்" என்று அவரை உள் அறைக்கு அனுப்பினேன்.

முதலில் வந்தவர் புத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் பரமேஸ்வரன் அண்ணை. வருடத்துப் பில் முழுவதையும் பன்னிரண்டு சொப்பிங் பைகளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டையும் மேசையில் கொட்டிக் குவித்து, வெறும் பைகளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அடுக்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன், முக்கால்வாசித் துண்டுகளில் திகதியே இல்லை.

திகதி எழுதுவது அண்ணைக்குக் கைவராத காரியம். அதற்காக வதனி அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு பை. தீபாவளிக்கு உடுப்பு எடுத்த கடையின் பை என்றால் ஐப்பசி. பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிய கடையின் பை என்றால் தை. அண்ணையின் மனைவிக்குக் காய்ச்சல் வந்த மாதம், மருந்துக்கடைப் பை. பன்னிரண்டும் அவர்கள் இருவருக்கும் மனப்பாடம். திரும்பிவந்த அண்ணை மேசையையும் பார்த்தார், குப்பைக்கூடையையும் பார்த்தார். கோபப்படவில்லை, கவலைதான் பட்டார்.

"திகதி துண்டிலை இல்லை சேர், பையிலைதான் இருந்தது."

பாதி வாசித்த பக்கம்

பில்களைப் பிரிக்க வதனிக்கும் அண்ணைக்கும் இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் வதனி தன் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அரைப் பக்கம். மில் வைத்திருக்கும் இராசமலர் அக்கா அன்றைக்கு வருவதாக இருந்ததால் அவருடைய பக்கத்தைப் புரட்டினேன். "செவ்வாயில் கையெழுத்து வைக்கமாட்டா. தேத்தண்ணிக்குச் சீனி கூடாது." இவ்வளவும் போதாதா? கொப்பியை மூடிவிட்டேன். மூன்றாவது வரியும் ஒன்று இருந்திருக்கிறது.

புதன்கிழமை, சீனியில்லாத தேத்தண்ணி, எல்லாம் சரி. அக்கா பேனையைத் திறந்து கையெழுத்து வைக்கப் போகிறார். சும்மா இருந்திருக்கலாம். நான் அன்பாக, "மருமகன் எப்பிடி அக்கா, சுகமோ?" என்று கேட்டேன். அந்த மருமகன் அக்காவின் மில்லுக்கு நேர் எதிரே இன்னொரு மில் போட்டிருக்கிறார் என்பதுதான் மூன்றாவது வரி. பேனை மூடப்பட்டது. உள்ளே இருந்து வதனி ஓடிவந்து கையைப் பிடித்துக் கதைத்தபின்தான் கையெழுத்துக் கிடைத்தது. போகும்போது அக்கா வாசலில் நின்று சொன்னார்: "நான் கணக்குக் காட்ட வந்தனான் தம்பி, மருமகனைக் காட்ட வரேல்லை."

இரண்டு ஆட்கள்

பத்தாம் நாள் ஒரு லொறிக்காரர் வந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனுசன். மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதற்குத் தகப்பனின் வருமானக் கடிதம் வேண்டும், அதில் மூன்று மடங்காகக் கூட்டிப் போடவேண்டும் என்றார். அதே கிழமை அவருடைய வரி விபரத்திரட்டும் முடியவேண்டும், அதில் மூன்றில் ஒன்றாகக் குறைத்துப் போடவேண்டும் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்.

நான் எழும்பிநின்று சட்டம், நேர்மை, தொழில் ஒழுக்கம் என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். வதனி வெளியே வந்து, "அண்ணை, இருங்கோ" என்று அவரைக் கூட்டிவந்து இருத்தினார். இரண்டு வெள்ளைத் தாளை எடுத்தார். ஒன்றில் பெரிய தொகையை எழுதினார், மற்றதில் சின்னத் தொகையை எழுதினார். இரண்டையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று கேட்டார், குரலில் ஒரு கோபமும் இல்லை. லொறிக்காரர் தாள்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் சிரிக்கத் தொடங்கிவிட்டார். உள்ள தொகையே இரண்டிலும் போனது. வதனி கேட்டது இதுதான்:

"உந்த ரெண்டு பேரிலை ஆர் நீங்கள் எண்டு சொல்லுங்கோ அண்ணை, மற்றவரை நான் வெளியிலை அனுப்பிவிடுறன்."

பதினான்காம் நாள்

பத்து நாளில் எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. ஆட்கள் வருவது என் பட்டத்தைப் பார்த்து அல்ல. பதினான்காம் நாள் காலை வதனியை நானே கூப்பிட்டேன். சம்பளத்தை எவ்வளவு கூட்டினாலும் கொழும்பைப் பிடிக்க என்னால் முடியாது. அதனால் உள்ளதைச் சொன்னேன். "நல்ல இடம் வதனி, போம். நீர் போனால் எனக்குப் பெரிய கவலை. ஆனால் மறிச்சால் அது பாவம்." சொல்லும்போது தொழில் முகம் எங்கேயோ போய்விட்டது. கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

வதனி போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தனக்குக் கொழும்பு வேண்டாம், பிள்ளைகளும் இங்கே, இந்த ஆட்களும் இங்கே, ஆனால் இனிச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, பங்காளியாகச் சேர்த்தால் நிற்கிறேன் என்றார். நான் சந்தோசத்தில் மேசையிலிருந்த கோப்புகளை அடுக்கத் தொடங்கிவிட்டேன். அதை அவர் நான் தயங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டார். வாசல் பலகையில் என் பெயருக்குப் பின்னால் "கம்பனி" என்று ஒரு சொல் இருக்கிறது. எடுப்பாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் நான் போட்டது. அதை விரலால் காட்டினார்.

"பதினொரு வருசமா அந்தக் கம்பனி நான்தானே சேர். பேரைத்தான் போடச் சொல்லுறன்."

வியாழக்கிழமை

அடுத்த வியாழன் நல்ல நேரம் பார்த்துப் புதுப் பலகை ஏறியது. ஒரே அளவு எழுத்தில் இரண்டு பெயர். வதனியின் பிள்ளைகள் அதன் கீழே நின்று படம் எடுத்தார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக ஒரு பாதியைக் கொடுத்ததில்லை.

பக்கத்துத் தேத்தண்ணிக்கடைச் செல்லத்துரை அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணாந்து ஆறஅமர இரண்டு பெயரையும் வாசித்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய் வதனியிடம் சொன்னார்: "நல்ல வேலை செய்தனீர் பிள்ளை. சேரையும் விடாமல் கூடவே வைச்சிருக்கிறீர்."

அலுவலகத்தைத் தாங்கள்தான் நடத்துவதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் என் இனத்தவரே, உங்கள் வதனியை இரண்டு கிழமை உள் அறையில் இருத்திப் பாருங்கள், பிறகு பலகை எழுதுகிறவரின் இலக்கம் தேவைப்பட்டால் என்னிடம் கேளுங்கள்.